கல்லீரல் காய்ச்சும் விஷம்



2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் கள்ளச்சாராயத்துக்குப் பலியானார்கள். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்கிற கேள்வி வேறு. அதில் கலந்திருந்த மெத்தனால் உடம்புக்குள் போய் என்ன செய்தது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரும் அதையேதான் சொன்னார். உண்மைதான். பழச்சாற்றில்கூடத் துளியளவு மெத்தனால் உண்டு. குடிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அதுவே 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லி ஆளையே முடித்துவிடலாம்.

அன்பர்களே, அளவு என்பது பாதிக் கதைதான். மீதிக் கதை நம் கல்லீரலில் நடக்கிறது. மெத்தனால் மெத்தனாலாகவே இருந்தால் பெரும்பாலும் போதையோடு போய்விடும். அதை அப்புறப்படுத்தப் பார்க்கிற கல்லீரல், முதலில் அதை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. பிணம் கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றுகிறார்களே, அதற்குள் இருப்பது இதுதான்! அடுத்த படியில் அது ஃபார்மிக் அமிலமாகிறது. அதற்குமேல் நம் உடம்புக்கு வேகம் போதாது. அமிலம் தேங்குகிறது, ரத்தத்தில் ஏறுகிறது. மூச்சுக்காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். அதில் வரும் ஆக்சிஜனைச் செல்கள் பயன்படுத்த முடியாமல் இந்த அமிலம் தடுத்துவிடும். முதலில் அடிபடுவது கண் நரம்பு.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள். கூடவே வேறு சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். கல்லீரல் முதலில் அதைத்தான் கவனிக்கும். அதுவரை அந்த மனிதர், "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஐயா, அந்த ஒண்ணும் ஆகாத நேரம்தான் அவரைக் காப்பாற்றக் கிடைத்த நேரம்! அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனால், மெத்தனாலை அமிலமாக்குகிற நொதியை ஃபோமெபிசோல் என்ற மருந்து கட்டிப்போடும். டயாலிசிஸ், மெத்தனாலையும் அமிலத்தையும் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும். தாமதித்தால் உயிர் தப்பினாலும் பார்வை திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மோர் கொடுப்பதும், உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் உதவாது. விஷம் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

போலீஸ் வருமே என்ற பயம், ஊர் என்ன பேசுமோ என்ற வெட்கம், இவை இரண்டும்தான் ஆளை வீட்டிலேயே படுக்க வைக்கின்றன. ஆகவே நான் கைகூப்பிக் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் குடித்த ஒருவர் கண் மங்குகிறது என்றால், அவரோடு குடித்த அத்தனை பேரையும், தெம்பாக நடமாடுகிறவரையும் சேர்த்து, வண்டியில் ஏற்றுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். குடித்தது சரியா தப்பா என்று அவர் திரும்பி வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.