வோல்டும் ஆம்பியரும் சொல்லும் கணக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரக் கணக்கு. இதென்ன பள்ளிக்கூடப் பாடம் என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவனல்ல. பழைய புத்தகக் கடையில் வாங்கியவற்றைக் கொண்டு தெரிந்து கொண்டதுதான். ஆனால், ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டு ஒருவன் செத்துப் போனால், "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லி, பிணத்தை எடுத்த பிறகும் அதே சுவிட்சை அப்படியே விட்டு வைக்கிற ஜனங்களிடையே, இந்தக் கணக்கைக் கூட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வோல்டு என்பது கரண்டைத் தள்ளுகிற அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடுகிற கரண்டின் அளவு. ஓடவிடாமல் மறிப்பது தடை. அதற்கு அளவு ஓம். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் தடை வரும். வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது வாட்டில் வரும். இவ்வளவுதான் சங்கதி. வகுக்கவும் பெருக்கவும் தெரிந்தவனுக்கு இதில் மறைபொருள் ஒன்றும் கிடையாது.

வெந்நீர் போடுகிற ஹீட்டர் ஒன்று 230 வோல்டில் 10 ஆம்பியர் இழுக்கிறதாக வைத்துக் கொள்ளுங்கள். 230-ஐ 10-ஆல் வகுக்க, தடை 23 ஓம். பெருக்க, 2300 வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே இந்த ஹீட்டர் அரை மணி ஓடினால் 1.15 யூனிட். அதே ஹீட்டருக்கு வோல்டேஜ் 184-ஆக இறங்கிவிட்டால்? தடை ஏறக்குறைய அதேதான். கரண்டு 8 ஆம்பியர், சக்தி 1472 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைய, சூடோ மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்து போயிற்று! ஹீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போவதற்கு முன், வோல்டேஜை அளந்து பாருங்கள்.

இந்தக் கணக்கைக் கண்டவர் யாரென்றால், ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம். தகப்பனார் பூட்டுச் செய்கிற தொழிலாளி. தாமாகவே கணிதம் கற்று மகனுக்கும் கற்றுக் கொடுத்தவர். மகன் பள்ளிக்கூட வாத்தியார். அக்காலத்து மின்கலங்கள் ஒரே நிலையில் நிற்கமாட்டா; அளக்க அளக்க வலுக்குறையும். அதனால் 1826-ல் ஓம் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான அழுத்தம் உண்டாக்கிக் கொண்டார். பிறகு நீளம் வேறு வேறான கம்பிகளை மாற்றி மாற்றி வைத்து அளந்தார். 1827-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். சொந்த நாட்டுப் பண்டிதர்கள் பெரும்பாலும் அதை மதிக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சங்கம் பதக்கம் கொடுத்த பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது. பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளாத அந்தப் பதினான்கு வருஷமும் கம்பிகள் ஓம் சொன்னபடியேதான் நடந்து கொண்டிருந்தன!

நிற்க, உயிருக்கு வேண்டிய கணக்குக்கு வருவோம். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம்தான் என்று வைத்துக் கணக்கிடலாம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுப்பது இதைவிட அதிகம். ஆனாலும் மனிதனைக் கொல்ல இது போதும். வீட்டிலுள்ள 5 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகுமா? போகாது. பியூஸ் கம்பியைக் காப்பதற்காக வைத்தது. உங்களைக் காப்பதற்காக அல்ல. இதைத் தெரியாமல் "பியூஸ்தான் இருக்கிறதே" என்று தைரியமாய் இருப்பவர்கள் அநேகர். ஆளைக் காப்பதற்கென்று உள்ள கசிவு தடுக்கும் கருவி 0.03 ஆம்பியர் கசிந்தாலே நிறுத்திவிடும். அதோடு சரியான எர்த் கம்பியும் வேண்டும். மீட்டர் பெட்டியில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்கள் கட்டிக் கொள்ளட்டும்; எர்த் கம்பியை அறுத்துவிட்டுக் கட்டாதிருந்தால் சரி.

தளர்ந்த இணைப்பும் இப்படித்தான். பிளக்கில் ஒரு திருகு தளர்ந்து, அரை ஓம் தடை உண்டாகிறதென்று வையுங்கள். கரண்டை அதே கரண்டால் பெருக்கித் தடையாலும் பெருக்கினால் சூடு கிடைக்கும். இது 1841-ல் இங்கிலாந்தில் ஜூல் அளந்து சொன்னது. 10-ஐப் பத்தால் பெருக்கி அரையாலும் பெருக்க, 50 வாட். விரல் நுனி அளவு இடத்தில் 50 வாட் சூடு! பிளக் கருகி நாற்றம் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒன்று மாத்திரம் எச்சரிக்கை. 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைந்து ஆறியபின் அளந்தால் சுமார் 40 ஓம்தான் காட்டும். இழை சூடேறத் தடையும் ஏறுகிறது. ஆகவே ஆறிய பல்பை அளந்து வாட் கணக்குப் போட்டால் 1300-க்கு மேல் வந்து நிற்கும். மோட்டாருக்கும் வெறும் பெருக்கல் போதாது. வேறொரு எண்ணாலும் பெருக்க வேண்டும். அதை இன்னொரு நாள் சொல்லுகிறேன்.

மேஜைமேல் மீட்டர் இருக்கிறது. சந்தேகம் உள்ள தோழர்கள் முன்னால் வந்து கேட்கலாம். தாய்மார்கள் முதலில் வரட்டும்.