காளிகாட் படமும் கைப்பேசிப் படமும்



ஒரு நாளைக்கு ஐம்பது காணொளிகள் செய்து இணையத்தில் ஏற்றினால், உட்கார்ந்த இடத்திலேயே பணம் வந்து சேரும் என்னும் விளம்பரங்கள் தங்கள் கண்ணிலும் பட்டிருக்கக்கூடும். கதையை எழுதுவது கணினி. அதைப் படிப்பது கணினியின் குரல். படங்களைக் கோத்து இணைப்பதும் அதுவே. மனிதன் பொத்தானை அழுத்தினால் போதுமாம். வேலை தேடி அலுத்த இளைஞனுக்கு இச்சொல் தேனாய் இனிக்காதா? இதனைக் கற்பிக்கிறோம் என்று முன்பணம் வாங்குவோரும் உளர். நான் கண்டவரை, இத்தொழிலில் நிச்சயமான வருமானம் அவர்களுக்குத்தான்.

எனினும் இளைஞனின் விருப்பத்தைப் பேராசை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. விரைவாகவும் ஏராளமாகவும் படம் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் இந்தக் கொல்கத்தாவிலேயே இருந்தார்கள்.

லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் செல்லும் நம்மவர்க்குக் காளிகாட் கூப்பிடு தூரம். அங்கு இன்றுள்ள காளி கோயில் 1809இல் கட்டி முடிக்கப்பெற்றது. யாத்திரிகர் கூட்டம் பெருகவே, மேதினிபூர் முதலிய பகுதிகளிலிருந்து பட்டுவாக்கள் எனப்படும் சித்திரக்காரர்கள் வந்து கோயிலருகே குடியேறினர். கிராமத்தில் அவர்கள் வரைந்தவை நீண்ட சுருள் படங்கள். சுருளை விரித்துக்கொண்டே கதையைப் பாடுவார்கள். ஊர் திரும்பும் அவசரத்தில் இருக்கும் யாத்திரிகனுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? ஆகவே ஆலையில் செய்த மலிவுத் தாளில் ஒற்றைப் படங்களாக வரையத் தலைப்பட்டனர். ஒருவர் கோடு இழுப்பார். இன்னொருவர் உடலுக்கு வண்ணம் தீற்றுவார். வேறொருவர் ஆடையை முடிப்பார். குடும்பமே பட்டறை. விளக்குக் கரியே கறுப்பு மை. பின்னணிக் காட்சி கிடையாது. அதற்கு நேரமும் இல்லை. காசு, இரண்டு காசுக்குப் படம் கிடைத்தது.

ஆனால் அந்த அவசரத்துக்கும் ஒரு கண் இருந்தது. தெய்வங்களை வரைந்த கையே, மினுக்கித் திரிந்த புதுப் பணக்கார பாபுவையும் வரைந்தது. நெற்றியில் நாமமிட்டு, வாயில் இறாலைக் கவ்விய பூனை ஒன்று உண்டு. நம் ருத்திராட்சப் பூனைக்கு அது வங்காளத்து உறவு. 1873இல் எலோகேசி என்னும் இளம்பெண் கணவன் கையால் கொலையுண்டாள். அவளைக் கெடுத்ததாகத் தாரகேஸ்வர் மடத்து மகந்தும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. நகரமே அவ்வழக்கைப் பேசிற்று. பட்டுவாக்கள் அதனைத் தொடர் படங்களாகத் தீட்டி விற்றனர். வாங்குபவன் எதைப் பேசுகிறான் என்பதை அவர்கள் தெருவில் உட்கார்ந்தே அறிந்திருந்தனர்.

பிறகு இயந்திரம் வந்தது. 1878இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கியது. கல்லச்சுப் படங்கள் கடைகளில் நிறைந்தன. ஜெர்மனியிலிருந்தும் பளபளக்கும் அச்சுப் படங்கள் கப்பலேறி வந்தன. அவற்றுட் சில காளிகாட் படங்களையே பார்த்து அச்சிட்டவை என்பதுதான் கொடுமை! 1930ஐ ஒட்டி அத்தொழில் அற்றுப்போயிற்று. ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் கொடுத்த 233 படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றன; அவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் தெரியாது.

இன்று பொத்தானை அழுத்தும் இளைஞன், தான் அந்த அச்சு இயந்திரத்தின் பக்கம் நிற்பதாக எண்ணுகிறான். அச்சகத்தானுக்குக் கல்லும் பொறியும் சொந்தமாயிருந்தன. இவனுக்கு எது சொந்தம்? அதே பொத்தான் அடுத்த வீட்டுக்காரனிடமும் இருக்கிறதே! எல்லோராலும் ஒரு நொடியில் செய்ய முடிந்த பொருளுக்கு எவன் விலை கொடுப்பான்?

கடைத்தெருவும் இவனுடையதன்று. யூடியூப் நிறுவனம் விளம்பர வருவாயில் பங்கு தர 1,000 சந்தாதாரர்களைக் கேட்கிறது. அத்துடன் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, குறும்படங்களாயின் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். அதைக் கடந்தாலும், ஒரே அச்சில் வார்த்துக் குவித்த காணொளிகளுக்குப் பணம் இல்லை என்பது அதன் விதி. 2025 ஜூலை 15 முதல் அவ்விதியை இன்னும் தெளிவாக்கி, அத்தகையவற்றை உண்மைத்தன்மை அற்றவை என்றே பெயரிட்டிருக்கிறது. கணினியைத் துணைக்கொள்வதை அது தடுக்கவில்லை. ஆள் இல்லாத சரக்கைத்தான் தடுக்கிறது. பல மாத உழைப்பும் கடன் வாங்கிக் கட்டிய பயிற்சிக் கட்டணமும் ஒரே அறிவிப்பில் கரைந்துபோகக்கூடும் என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

பட்டுவாக்களின் குலம் முழுதும் அழிந்துவிடவில்லை. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில், பிங்லாவுக்கு அருகிலுள்ள நயா என்னும் கிராமத்தில் சித்திரக்காரக் குடும்பங்கள் இன்றும் சுருள் படம் வரைகின்றன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக்கூட அவர்கள் சுருளில் தீட்டிப் பாட்டுக் கட்டினார்கள். வாங்க வருபவர்கள் முதலில் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். விலை பேசுவது அதன் பிறகு.