இணையத்தில் ஒரு மறியல்



1999 மே 28. ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டு மறுக்கப்பட்ட சூடான் நாட்டு இளைஞர் ஆமிர் அஜீப்பை, பிராங்க்ஃபர்ட்டிலிருந்து கெய்ரோ செல்லும் லுஃப்தான்சா விமானத்தில் ஏற்றினார்கள். கை கால்கள் கட்டப்பட்டிருந்தன. தலையில் ஹெல்மெட். எல்லைக் காவலர்கள் அவருடைய தலையைக் குனிய வைத்து அழுத்தினார்கள். மூச்சுத் திணறி அந்த விமானத்திலேயே அவர் இறந்தார்.

காவலர்கள் செய்தார்கள், சரி. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை நாடுகடத்த இருக்கை கொடுக்கும் நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லையா? ஜெர்மனியின் அகதிகள் ஆதரவு இயக்கங்கள் கேட்ட கேள்வி அது. 2001 ஜூன் 20 அன்று, கொலோன் நகரில் லுஃப்தான்சாவின் பங்குதாரர்கள் கூடியிருந்தபோது, அதே கேள்வியோடு ஆயிரக்கணக்கானோர் அந்த நிறுவனத்தின் இணையதளத்தை முற்றுகையிட்டார்கள். ஏறத்தாழ 13,000 இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அந்தத் தளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். அதற்கென்று எழுதப்பட்ட சிறு மென்பொருளும் உதவியது. இரண்டு மணி நேரம் தளம் தடுமாறியது, இடையிடையே முடங்கியது. யாருடைய கடவுச்சொல்லும் களவு போகவில்லை, ஒரு கோப்பும் அழியவில்லை. நாள், நேரம், காரணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஊரறியச் சொன்னார்கள். தெருவில் கூடுகிறவர்களைப் போலவே நகர நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

தோழர்களே, அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அஜீப்பின் சாவுக்குக் காரணமான மூன்று காவலர்களுக்கு 2004-இல் ஒன்பது மாதத் தண்டனை; அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது, ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மறியலுக்கு அழைப்பு விடுத்தவரோ, பலவந்தத்துக்குத் தூண்டினார் என்று 2005-இல் குற்றவாளி ஆக்கப்பட்டார். 900 யூரோ அபராதம். 2006-இல் பிராங்க்ஃபர்ட் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இது வன்முறை அல்ல, பொதுமக்களின் கருத்தை அசைக்கும் முயற்சி என்றது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் எல்லா முற்றுகையின் பக்கமும் நிற்க மாட்டேன். 1997-இல் ஸ்பெயினில், பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய ஈடிஏ இயக்கம் ஓர் இளம் நகர்மன்ற உறுப்பினரைக் கொன்றது. நாடே கொதித்தது, நியாயமான கொதிப்பு. அந்தக் கோபம் அமெரிக்காவில் ஐஜிசி என்ற சிறிய இணையச் சேவை நிறுவனத்தின் மீது பாய்ந்தது. பாஸ்க் மக்களைப் பற்றிய ஓர் இதழுக்கு அது இடம் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். மின்னஞ்சல்களைக் கொட்டிக் கொட்டி அதன் சேவையைத் திணறடித்தார்கள். அங்கே கணக்கு வைத்திருந்த அமைதி இயக்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் சேர்ந்து தவித்தன. கடைசியில் அந்த நிறுவனம் இதழை நீக்க வேண்டியதாயிற்று. லுஃப்தான்சாவின் தளம் இரண்டு மணி நேரம் முடங்கினாலும் அதற்குத் தொலைபேசி உண்டு, விமான நிலையக் கவுன்டர் உண்டு, நாளேடுகளில் விளம்பரப் பக்கம் உண்டு. அந்தச் சிற்றிதழுக்கு இருந்தது ஒரே ஒரு வாசல்.

2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கான நன்கொடையை விசா, மாஸ்டர்கார்டு, பேபால் நிறுவனங்கள் தடுத்தபோது அனானிமஸ் என்ற பெயரில் எழுந்த கோபமும் எனக்குப் புரிகிறது. அந்த நிறுவனங்களின் தளங்களை முற்றுகையிட ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தங்கள் சொந்தக் கணினியோடு வந்தார்கள். ஆனால் பெரும் சுமையை ஏற்றியவை பாட்நெட்டுகள். உரிமையாளருக்கே தெரியாமல் யாரோ ஆட்டுவித்த கணினிகள். ஆளைக் கடத்தி வந்து நிறுத்தினால் அதற்கு ஆர்ப்பாட்டம் என்றா பெயர்? இதில் கொடுமை என்னவென்றால், தன் முகவரியை மறைக்கத் தெரியாமல் வந்தவர்கள்தான் எளிதாக மாட்டினார்கள். பேபால் வழக்கில் மட்டும் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள்.

ஜெர்மனி 2007-இல் சட்டத்தையே மாற்றிவிட்டது. கேடு செய்யும் நோக்கத்தோடு தரவுகளை அனுப்பி ஒரு நிறுவனத்தின் முக்கியமான கணினிப் பணியைக் குலைத்தால் இனி ஐந்தாண்டு வரை சிறை. பணம் கேட்டு மிரட்டும் கும்பலும் தேதி குறித்துச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் நிற்கும் குடிமகனும் அந்தப் பிரிவில் அருகருகே நிறுத்தப்படலாம். சட்டம் பயின்றவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறேன்: தெருவில் கூடுவதற்கு இடமும் நேரமும் வகுத்துக் கொடுக்கும் சட்டம், சொந்தக் கணினியோடு, முன்னறிவிப்போடு, வலியவர் வாசலில் கூடுகிறவர்களுக்கும் அதே இடத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான வரைவை நீங்கள் எழுதத் தொடங்குங்கள்.