சிறையில் கற்ற தொழிலும் நம் கடை வாசலும்

 

விழா மேடையில் சிறையைப் பற்றிப் பேச்சா என்று நினைக்க வேண்டாம். நம் கெடாவில் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, பொக்கோக் செனா ஆகிய ஊர்களில் சிறைகள் உள்ளன. உள்ளே போனவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு; நம் தெருப் பிள்ளைகளும் உண்டு.

நம் நாட்டில் சிறைக்குள்ளும் பாடம் நடக்கிறது. இளங்கைதிகளுக்காகக் கல்வி அமைச்சும் சிறைச்சாலை இலாகாவும் சேர்ந்து இன்டெக்ரிட்டி பள்ளிகளை நடத்துகின்றன. அங்கிருந்தே எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். மற்றவர்கள் வெல்டிங், தையல், தச்சு வேலை கற்கிறார்கள்.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், அந்நாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறையில் படித்தவர்கள் மறுபடியும் குற்றத்தில் விழும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்றது. வேலை கிடைக்கும் வாய்ப்போ 13 விழுக்காடுதான் கூடுதல். படிப்பது அவர்கள் கையில் இருக்கிறது. வேலை கொடுப்பது நம்மைப் போன்ற கடைக்காரர்கள் கையில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இரும்புக் கடைக்கு ஒரு தோட்டத்து இளைஞர் வேலை கேட்டு வந்தார். வெல்டிங் சான்றிதழ் வைத்திருந்தார். நாங்கள் பாலிடெக்னிக் பட்டறையில் கற்ற அதே வேலைதான். எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். "உள்ள இருந்தப்போ கத்துக்கிட்டேன் அண்ணே" என்றார். பிறகு சொல்கிறோம் என்று அனுப்பினோம். இன்றுவரை சொல்லவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்போம்.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவில் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழி செய்தார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். நேற்று வாளெடுத்து வந்தவரிடம் தங்கள் பிள்ளைகளையே ஒப்படைத்தார்கள். நாங்களோ ஒரு வெல்டிங் கம்பியை ஒப்படைக்கத் தயங்கினோம்.

எனவே ஒரு வேண்டுகோள். கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கடைக்கு ஓர் இடம் என்று பெயர் கொடுப்போம். அந்தப் பட்டியலைச் சங்கம் சிறைச்சாலை இலாகாவிடம் கொடுக்கட்டும். மூன்று மாதம் வேலை பார்த்துக் காட்டட்டும். மற்றவர்களுக்கு உள்ள சம்பளம், இ.பி.எஃப்., சொக்சோ அவர்களுக்கும் இருக்கட்டும். கல்லாவில் உட்கார வைக்க மனம் வராவிட்டால் பட்டறையில் வையுங்கள்.

முதல் பெயராக எங்கள் கடையை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இளைஞரையும் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், இம்முறை பதில் சொல்வோம்.