கரிசற் சாலையைக் கல்லாத பொறி



கோவில்பட்டி வழியே செல்லும் மதுரை – குமரி நான்குவழிச் சாலையில், ஓட்டுநரில்லா ஊர்தி ஒன்று விரைந்து வருவதாக எண்ணிப் பாருங்கள். எதிரே ஆட்டுமந்தை ஒன்று சாலையைக் கடக்கின்றது. ஓரத்தில் உளுந்து காய்கின்றது. தவறான திசையில் உழுவுந்து ஒன்று வருகின்றது. அவ்வூர்தி என் செய்யும்? கற்றதை மட்டுமே செய்யும்! செயற்கை அறிவு மந்திரமன்று. காட்டப்பெற்ற காட்சிகளிலிருந்து கணிப்பொறி கற்கும் அறிவே அது.

இத்துறையில் முன்னின்று உழைப்போருள் ஒருவர், கோவையில் பயின்ற பேராசிரியர் இரகுநாதன் இராசுகுமார். பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-இல் பொறியியற் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் முனைவரானார். பின்னர் அங்கேயே பேராசிரியருமானார். 2007 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்திய ஓட்டுநரில்லா ஊர்திப் போட்டியில் முதற்பரிசு வென்ற குழுவில் அவரும் இருந்தார். 2013-இல் அவர்தம் குழுவினரின் ஊர்தி, பிட்சுபர்க்கு வானூர்தி நிலையம் வரை ஏறத்தாழ 53 கி.மீ. தொலைவைப் பொதுச்சாலையில் தானே கடந்தது.

ஊர்திகள் தம் இருப்பையும் விரைவையும் வானலை வழியே ஒன்றுக்கொன்று அறிவித்துக் கொள்ளுதலும் அவர் ஆய்வில் அடங்கும். மதிலுக்கு அப்பால் வரும் வண்டியைக் கண் காணாது, வானலை அறிவிக்கும்!

இவ்வாய்வு தமிழர்க்கு எதற்கு என்பீரோ? 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் மாண்டனர். இதனினும் வேறு விடை வேண்டுமோ?

ஆயின், ஒன்றை மறத்தலாகாது. 2016-இல் வெளிவந்த புகழ்பெற்ற படத்தொகுப்பு, பெரும்பாலும் செருமானிய நகரத் தெருக்களில் எடுக்கப்பெற்றது. ஒழுங்குற வகுத்த அத்தெருக்களைக் கற்ற பொறி, இந்நாட்டுச் சாலைகளில் தடுமாறிற்று. அக்குறை போக்க, ஐதராபாத்துப் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம் இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து, 2018-இல் ஏறத்தாழ 10,000 படங்களைத் தொகுத்தது. மூவுருளி ஊர்தியும் விலங்கும் அதில் தனித்தனி வகைகளாயின. அப்படங்களோ ஐதராபாத்து, பெங்களூரு, அவற்றின் புறநகர்கள் ஆகிய இடங்களில் எடுக்கப்பெற்றவை. கரிசற் சாலை அங்கில்லை!

கல்லூரிகளிற் பயிலும் இளைஞர்களே! அப்பணி உங்களுடையது. சாலையைப் படமெடுங்கள். மந்தை, கூட்டுவண்டி, காயும் கூலம் என ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ்ப்பெயரிட்டு வகைப்படுத்துங்கள். பிறர் கற்பித்த பொறி ஆயனையும் ஆட்டையும் அறியாது விரையுமாயின், மாள்வது பிறரல்லர், இம்மண்ணின் மக்களே! பொறி வருமுன் அதற்குக் கற்பிக்க எழுங்கள்!