எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்?

  பெற்றோர்களே, நீங்கள் காலையிலிருந்தே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளை பட்டம் வாங்க மேடையேறும் நேரத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் ஓவியன். ஊர் ஊராகப் போய்த் திறந்த வெளியில் உட்கார்ந்து வாட்டர் கலரில் வரைகிறேன். போகிற இடங்களில் பட்டறை நடத்திச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டும்தான் என் பிழைப்பு. உங்களில் பெரும்பாலோர் வணிகவியலும் கணினி அறிவியலும் கணிதமும் படித்தவர்கள். தூரிகையைத் தொடாமலே வாழ்நாளைக் கழிக்கப்போகிறவர்கள்கூட இருக்கலாம். இருந்தாலும் உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல இந்தப் புள்ளலூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

புள்ளலூரை முதன்முதலில் நான் பார்த்தது கர்நாடகத்தில், ஒரு சுவரில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் பெரிய போர்க்காட்சி ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று இந்த மண்ணில் நடந்த போர் அது. காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயக் கும்பினியின் ஜெனரல் மன்றோவின் சேனையோடு சேர வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கே மடக்கி முறியடித்தார்கள். ஓவியத்தில் கும்பினிச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். காயம்பட்ட பெய்லி பல்லக்கில் இருக்கிறார். வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. நாலாபுறமும் குதிரைகள் பாய்கின்றன. இதே காட்சியைப் பத்துத் தாள்களை ஒட்டி 32 அடி நீளத்துக்கு வரைந்த படம் ஒன்று 2022-ல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. நம் ரூபாயில் ஆறு கோடிக்கும் மேல்.

அந்தச் சுவர் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். நேர்த்தியான வேலை. ஆனால் எவ்வளவு தேடியும் புள்ளலூர் கண்ணில் படவில்லை. இந்த ஏரிக்கரையை, இந்தப் பனைகளை, இந்த வயல்களின் தட்டையான விரிவை அதில் நான் காணவில்லை. அரசன் கேட்டது வெற்றியை. ஓவியர்கள் வெற்றியைக் கொடுத்தார்கள். அதில் அவர்கள் குறைவைக்கவில்லை. எனக்குத்தான் ஊர் வேண்டியிருந்தது. உலகத்துக்கு ஓவியத்தின் மூலம் தெரிந்த ஒரு ஊர், அந்த ஓவியத்தில் இல்லாமல் போனது என்னை உறுத்தியது. அதனால்தான் பேருந்து ஏறி இங்கே வந்தேன். அந்தப் போருக்கு அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஹைதர் அலிக்கும் கும்பினித் தளபதி அயர் கூட்டின் படைக்கும் நடந்த சண்டையில் இறந்துபோன இரண்டு அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் இங்கே நிற்கின்றன. இங்கே நான் வரைந்த முதல் படம் அவற்றைப் பற்றியதே.

இந்த ஊருக்கு இன்னும் பழைய போர் ஒன்றும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் பகைவர்களை வென்றான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவன் சாளுக்கியப் புலிகேசிதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஐஹொளேக் கல்வெட்டோ, புலிகேசிக்கு அஞ்சிப் பல்லவன் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது. யார் வென்றார்கள் என்பதை வரலாற்று மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு முக்கியம் வேறு. மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியர்களில் புலி என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசன் இந்த மண்ணில் நின்றிருக்கிறான். இங்கே படித்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி நான் எல்லாப் பட்டறைகளிலும் சொல்லும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். நடந்தது இந்தப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில். பொங்கல் கழிந்த வாரம். ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர். சென்னையிலிருந்து வந்த மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு விடியலில் கரைமேல் ஏறினேன். வெளியில் வரைகிறவர்களுக்குக் காலை ஆறரை முதல் ஒன்பது வரைதான் நேரம். அதன் பிறகு வெளிச்சம் தலைக்கு நேராக ஏறி நிழலைச் சுருக்கிவிடும். காட்சி தட்டையாகிப்போகும். மறுபடி மாலை நாலு மணிக்கு மேல்தான். சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. நாம் பென்சில் கோட்டை முடிப்பதற்குள் நிழல் இடம் மாறியிருக்கும். அதனால் நிழல் எங்கே விழுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். வெளிச்சம் படும் இடத்துக்கு நிறமே வேண்டாம், தாளின் வெள்ளையை விட்டுவைத்தால் போதும்.

எங்களைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் கவலையோடுதான் வந்தார்கள். இந்த மாவட்டத்தில் யாராவது பலகையும் தாளுமாக வயல்வெளியில் உட்கார்ந்தால், நிலம் அளக்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் எழுகிறது. "சர்வேயா சார்? ரோடு வருதா?" என்று கேட்டார்கள். படத்தைக் காட்டினோம். முகம் மலர்ந்தது. டீ வந்தது. அவர்களில் ஒரு பெரியவர் அந்த ஏரியின் நீர்க்கட்டியாக இருந்தவர். மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிற வேலை. எத்தனையோ பருவம் அந்தக் கரையில் இரவும் பகலும் நடந்தவர்.

ஒன்பது மணிக்கு எல்லாப் படங்களையும் கரைமேல் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தோம். பெரியவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "இது அரசமரத்தடியில உட்கார்ந்தவரு போட்டது. இது மதகுமேலேருந்து. இந்தப் பொண்ணு கலங்கல் கிட்ட உட்கார்ந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பெயர் தெரியாதவர்களின் இடத்தையெல்லாம் படத்தை வைத்தே சொன்னார். கடைசியில் ஒரு படத்தின் முன் நின்றார். அழகான படம். வரிசையிலேயே நேர்த்தியானது அதுதான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத யாரும் உட்கார்ந்து பாக்கல தம்பி. அந்தக் கரைப் பனைங்க இங்கேருந்து பாத்தா இவ்வளவு சிறுசா தெரியாது" என்றார்.

அந்த மாணவர் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நிழலில் போய் உட்கார்ந்து, அதைப் பார்த்து வரைந்திருந்தார். கைபேசியின் அகலமான லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கித் தூரத்தில் இருப்பதை ஒடுக்கிவிடும். அது எனக்குத் தெரியும், படித்தது. பெரியவருக்கு லென்ஸைப் பற்றித் தெரியாது. எதிர்க்கரைப் பனை எவ்வளவு உயரம் தெரியும் என்பது தெரியும். இரவில் அந்தப் பனையை அடையாளம் வைத்து நடந்தவருக்கு அது எப்படித் தெரியாமல் போகும்? நான் அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு அவரையே பேசச் சொன்னேன். ஏரியின் உள்வாய் எது, வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, மழை பெய்த மறுநாள் தண்ணீர் எந்த ஓரத்தில் செந்நிறமாகக் கலங்கி நிற்கும், எந்த ஓரத்தில் தெளியும் என்று சொன்னார். நிறம் கலப்பதில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த மாணவரும் மாலையில் மதகின்மேல் உட்கார்ந்து புதிதாக ஒரு படம் போட்டார். காலைப் படத்தைவிடக் கரடுமுரடாகத்தான் வந்தது. பெரியவர் அதைப் பார்த்து, "மதகு" என்றார்.

கருவியின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் சுற்றி வரைந்தார்கள். மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று நம் பக்கமும் வந்தார்கள். பிறகு லண்டனில் அவர்கள் அச்சிட்ட தொகுப்பில் 144 காட்சிகள் உண்டு. அவர்களும் காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப்பெட்டியைத் துணைக்கு வைத்திருந்தவர்கள்தாம். ஆனால் அந்தப் பெட்டியை அந்த வெயிலில், அந்த இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நம் ஆட்களில் எனக்குப் பெரிய ஆசான் சில்பி. நாமக்கல்லில் பிறந்த பி.எம்.சீனிவாசன். ஆனந்த விகடனில் 1940-களின் பிற்பகுதியில் தொடங்கிய 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் வரைந்தார். தேவன் எழுதினார். கருவறைக்கு எதிரே எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூர்த்தியின் நகைகளையும் ஆடை மடிப்பையும் கோடு கோடாகக் கொண்டுவந்தார். ஒரு தூணில் ஒரு சிற்பத்தை அவர் வரைந்த விதத்தைப் பாருங்கள். உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பதுகூடக் கோட்டில் தெரியும். நடிகர் சிவகுமார் அவர்களை எல்லோருக்கும் தெரியும். திரைக்கு வருமுன் சென்னை ஓவியக் கல்லூரியில் ஆறாண்டு படித்து, திருவண்ணாமலை, தஞ்சாவூர், கன்னியாகுமரி, தாஜ்மகால் என்று அந்தந்த இடத்துக்கே போய் வரைந்தவர் அவர். திருவண்ணாமலைக் கோயிலும் ஊரும் விரிந்துகிடக்கும் அவர் படத்தை ஒருமுறையாவது பாருங்கள்.

எழும்பூரில் இருக்கும் அந்தக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மாணவப் பருவத்தில் எங்களுக்கு வகுப்பறை என்பது பாதிதான். மீதி எழும்பூர் ரயில் நிலையமும் காசிமேட்டுத் துறைமுகமும். ரயில் நிலையத்தில் தூங்குகிறவர்களை வரைவோம், ஏனென்றால் அவர்கள்தாம் அசையமாட்டார்கள். காசிமேட்டில் படகை வரைந்துகொண்டிருக்கும்போதே படகு கடலுக்குப் போய்விடும். மிச்சத்தை மனத்தில் வைத்து முடிக்க வேண்டும். கையில் காசு இருக்காது. ஒரு தாளின் இரண்டு பக்கமும் வரைவோம். அந்த நாட்களில் பழகியதுதான் இன்றுவரை சோறு போடுகிறது.

சோற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் அதைத்தான் கேட்பார்கள். இந்தப் பிழைப்பில் படம் விற்கிற மாதமும் உண்டு, விற்காத மாதமும் உண்டு. பட்டறைதான் நிலையான வருமானம். தை பிறந்ததும் வெளியே கிளம்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தாளில் பூசிய வண்ணம் காயாது, தாள் நமுத்துவிடும். அப்போது பள்ளிக்கூடங்களில், வீடுகளில் உள்ளே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். வணிகவியல் படித்த பிள்ளைகளே, எங்களுக்கு உங்கள் தேவை அதிகம். பொருள் செலவு அப்படியொன்றும் பெரிதில்லை. 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் தகரக் குழாயில் சாயத்தை அடைக்கும் வழி கண்ட பிறகுதான் எண்ணெய் ஓவியர்கள் சுலபமாக வெளியே கிளம்ப முடிந்தது. இன்று நம் பையில் ஒரு சிறு வண்ணப் பெட்டி, இரண்டு தூரிகை, முந்நூறு கிராம் தாள், ஒரு தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலி. அவ்வளவுதான்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும் ஏரிகள் 381. ஊராட்சிகளின் சின்ன ஏரிகள், குளங்கள் தனி. இவற்றில் எத்தனை ஏரிக்கு ஒரு படம் இருக்கிறது? இடத்தில் உட்கார்ந்து, அதன் மதகையும் கலங்கலையும் அறிந்து வரைந்த படம்? நான் காட்சிக்கூடங்களில் காஞ்சிபுரத்துக் கோபுரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஏரிகளைப் பார்த்ததில்லை. கரைகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கண்முன்னே மாறியதை உங்கள் பெற்றோர்கள் அறிவார்கள். உங்களில் பலர் அங்கேதான் வேலைக்குப் போவீர்கள், போகத்தான் வேண்டும். போகுமுன் உங்கள் ஊர் ஏரியை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துக் குறித்துவையுங்கள் என்று கேட்கிறேன். வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள். மதகு எங்கே, பனை எங்கே, தண்ணீர் எதுவரை என்று கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினால் போதும். பிற்காலத்தில் ஒருவர் அந்தக் கரையைத் தேடி வருவார். தரியா தௌலத் சுவர் முன்னால் நான் தேடியதுபோல அவர் தேட வேண்டியிருக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் இங்கேதான் இருக்கிறேன். காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் உட்கார்வேன். கட்டணம் கிடையாது. தாளும் வண்ணமும் நான் கொண்டுவருகிறேன். தொப்பி அல்லது துண்டு, குடிக்கத் தண்ணீர் நீங்கள் கொண்டுவாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி யாராவது அந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்தவர்களாக இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். படங்களை அவர்களிடம் காட்ட வேண்டும். பட்டம் பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.