தவிட்டோடு போன உயிர்ச்சத்து

நெல்லைக் குத்திச் சுளகிலே புடைக்கும்போது உமி ஒருபுறமும் தவிடு ஒருபுறமுமாகப் பிரியும். உமி அடுப்புக்குப் போகும். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகும். வீட்டாருக்கு எஞ்சுவது அரிசி. இவற்றுள் சத்து மிகுந்தது எது என்று கேட்டால் அரிசியே என்று பலரும் கூறுவர். மாப்பொருளை மட்டும் கணக்கிட்டால் அவ்விடை சரியே. ஆயினும், அந்த மாப்பொருளை உடல் தனக்கு வேண்டிய வலுவாக மாற்றுவதற்குத் துணைசெய்யும் பொருளொன்று தவிட்டிலும் முளைக்கருவிலுமே நிறைந்து கிடக்கிறது. அதன் பெயர் தயமின். உயிர்ச்சத்து பி-1 என்றும் வழங்குவர். மனிதர் இழந்ததைக் கோழி தின்றது. இவ்வுண்மையை மனிதருக்கு உணர்த்தியதும் கோழியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகளிலே நீராவியால் இயங்கும் அரிசியாலைகள் பெருகின. தவிட்டில் எண்ணெய் உண்டு. அது நாட்பட்டால் சிக்குநாற்றம் கொள்ளும். ஆகவே, கப்பலேறிப் பல மாதம் களஞ்சியத்திற் கிடக்கவேண்டிய அரிசியை வியாபாரிகள் நன்றாகத் தீட்டி வெண்மையாக்கினர். வெள்ளை அரிசி உண்பது மேன்மை என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. அது வளர வளர, முன்னரே அறியப்பட்டிருந்த பெரிபெரி என்னும் நோயும் பரவிற்று. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கி இதயம் சோர்ந்து உயிர் பிரியும். ‘இயலாது, இயலாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்தே இந்நோயின் பெயர் பிறந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

நோய்க்கு இரையானோர் பெரும்பாலும் பிறர் அளந்துகொடுத்த சோற்றை உண்டவர்கள்: கப்பலோட்டிகள், போர்வீரர், சிறைக்கைதிகள், கூலியாட்கள். 1882இல் புறப்பட்ட யப்பானியப் போர்க்கப்பலொன்றில் 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். கடற்படை வைத்தியர் தக்காக்கி உணவை மாற்றி நோயை அடக்கினார். எனினும் குறை புரதத்தில் உள்ளது என்றே அவர் கருதினார்.

1886இல் ஒல்லாந்து அரசு யாவாவுக்கு ஆராய்ச்சிக் குழுவொன்றை அனுப்பியது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கிய காலம் அது. அக்குழுவில் வந்த கிறிஸ்தியான் எயிக்மன் பத்தேவியாவிலே தங்கிப் பெரிபெரிக் கிருமியைத் தேடினார். கிருமி அகப்படவில்லை. ஒருநாள் அவருடைய ஆராய்ச்சிக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களின் பின், எவரும் மருந்து கொடாமலே அவை எழுந்து நடந்தன. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெண்சோற்றை அவற்றுக்கு இட்டுவந்தனர். அங்கே சமையற்காரர் மாறினார். புதியவர், படையினரின் சோற்றைக் குடியியற் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். கோழிகள் மீண்டும் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. வைத்திய சரித்திரத்திலே ஒரு சமையற்காரரின் கண்டிப்பு இவ்வளவு பயன் தந்தது வேறெங்கும் உண்டோ?

இதனை மனிதரிடத்தும் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. வோடர்மன் என்னும் சுகாதார அதிகாரி யாவாவின் 101 சிறைச்சாலைகளில் வழங்கிய அரிசியை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் நோயுற்றிருந்தனர். தீட்டாத அரிசி உண்ட சிறைகளிலோ ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவரே. இவ்வளவு தெளிவிருந்தும், மாப்பொருளில் ஒரு நஞ்சு உண்டு, தவிடு அதற்கு மாற்று என்றே எயிக்மன் முதலிற் கருதினார். நஞ்சு ஏதுமில்லை, உணவில் ஏதோ ஒன்று இல்லாமையே நோய் என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப் பின் வந்த கிறைன்ஸ். இருப்பதால் நோய் வரும் என்று எண்ணிப் பழகிய அறிஞர்க்கு, இல்லாமையால் நோய் வரும் என்பது எளிதில் விளங்கவில்லை.

இவ்விடத்திலேதான் தமிழர் இச்சரித்திரத்துட் புகுகின்றனர். மலாயாவிலே வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெரிபெரியால் பெருந்தொகையாக மடிந்தனர். தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் அதே நாட்டில், அதே வெயிலில் கடுமையாக உழைத்தும் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிறாடன் என்னும் வைத்தியர் இவ்வேறுபாட்டைக் கவனித்து, 1907இல் நூலாக எழுதினார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த வெள்ளைப் பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நாட்பட்ட பச்சையரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று பிறாடன் முடிவு செய்தது தவறு. அவர் கண்ட காட்சி மட்டும் முற்றிலும் சரி.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வைத்தியர் பிளெச்சர் 1905 டிசம்பரில் இதனைச் சோதித்தார். நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றையெண்காரருக்குச் சீயத்துப் பச்சையரிசியும், இரட்டையெண்காரருக்கு வங்காளத்துப் புழுங்கலரிசியும் வழங்கச் செய்தார். மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டில் பச்சையரிசிப் பிரிவிலே பலர் பெரிபெரிக்கு ஆளாகி 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நோய் கண்ட இருவரும் விடுதிக்கு வரும்போதே அதனுடன் வந்தவர்கள். சம்மதம் கேட்கப்படாத அம்மனிதரின் இழப்பை மறந்து இந்தச் சோதனையை வெறுமனே புகழ்ந்துவிட முடியாது.

புழுங்கலரிசியின் இரகசியம் யாது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரிற் கரையும் தன்மையுடைய தயமின் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாப்பொருள் வெப்பத்தால் இறுகி அதனை உள்ளேயே சிறைப்படுத்திக்கொள்கிறது. பின்னர் உமியும் தவிடும் நீங்கினாலும் சத்தின் ஒரு பகுதி தங்கிவிடும். தீட்டாத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் தயமின் உண்டு. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் 0.07 அளவே, புழுங்கலரிசியில் 0.2 அளவு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1.1 அல்லது 1.2 மில்லிகிராம். உடல் இதனைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்களிற் கையிருப்புத் தீர்ந்துவிடும். நெல் அவித்த பெண்கள் இக்கணக்கு எதனையும் அறியார். குத்தும்போது அரிசி நொறுங்காது என்பதும், சோறு குழையாது என்பதும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் யான்சென், டொனாத் என்னும் இருவர். 1926இல், அதே பத்தேவியாவில், தவிட்டிலிருந்தே எடுத்தனர். 1929இல் எயிக்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நெல்லூரிற் பிறந்த அமெரிக்கர் றொபேட் வில்லியம்ஸ் 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியையும் கண்டார்.

ஆலைத் தவிட்டை அடுக்களையிலே மீட்க முடியாது. மிஞ்சியிருப்பதைக் காக்க முடியும். பச்சையரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் இருக்கும் சிறிதளவும் கழுநீரோடு போய்விடும். நிரம்ப நீர்விட்டுச் சோற்றை வடித்தால் மற்றொரு பங்கு கஞ்சியிற் கரையும். அக்கஞ்சியை உப்பிட்டுக் குடித்த பழக்கம் வறுமையால் வந்ததே என்றாலும், பயனற்ற பழக்கம் அன்று. உளுந்து, பயறு, கடலை, கச்சான், எள்ளு ஆகியவற்றில் தயமின் நிறைய உண்டு. பலவகைக் கறியோடு உண்பவருக்கு அரிசியின் குறை அவ்வளவாகத் தெரியாது. சோற்றையே பெரும்பாலும் நம்பி வாழ்வோருக்கே இடர்.

கம்போடியாவிலும் லாவோசிலும் இந்நூற்றாண்டிலும் வைத்தியர்கள் குழந்தைகளிடத்திற் பெரிபெரியைக் கண்டுள்ளனர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியமென்று வாரக்கணக்கில் பெரும்பாலும் வெண்சோறே கொடுக்கின்றனர். தாயின் பாலில் தயமின் குறைகிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுக்கும். வாய் அழும், குரல் வராது. இதயம் விரைவிற் சோரும். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால், சில மணி நேரத்துள் மூச்சு சீராகிக் குழந்தை மறுபடியும் முலைக்கு வாய் வைக்கிறது.